90 நாள் கணக்கு: கடனில் மூச்சு முட்டும் பட்டறை மீண்டு வருவது எப்படி?

போன வருடம் பிப்ரவரி கடைசியில் ஒரு மாலை. வியாசர்பாடி தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மூலக்கடையில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. வந்தவர் பையிலிருந்து நான்கு உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கும் வங்கியிலிருந்து வந்தவை. ஒன்றைக்கூட அவர் பிரிக்கவில்லை. "பிரிச்சா தூக்கம் போயிடும் தம்பி, அதான்" என்றார்.

பிரித்தோம். முதல் மூன்றும் நினைவூட்டல் கடிதங்கள். நான்காவதில், சி.சி. கணக்கு, அதாவது தொழில் செலவுக்கு ஒரு வரம்புக்குள் எடுத்து எடுத்துக் கட்டிக்கொள்ளும் கேஷ் கிரெடிட் கடன், 64 நாளாக வரம்பு மீறி நிற்கிறது என்று எழுதியிருந்தது. கடிதம் அச்சாகி 8 நாள் ஆகியிருந்தது. ஆக அன்றைக்கு 72. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி, இன்னும் 18 நாள் இருக்கிறதே என்று. அவருக்கு ஏன் என்று புரியவில்லை. "லேட்டா கட்டுனா வட்டி போடுவான், அவ்ளோதானே?" என்பது அவர் கணக்கு.

அவ்வளவு இல்லை. அந்த 18 நாளுக்கு உள்ளே நிற்பதும் வெளியே போய் நிற்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியாமல் இருக்க, தொகைகளையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வங்கி நாளை எண்ணும் விதம்

கடனுக்கான வட்டியோ தவணையோ தேதி தவறி 90 நாள் ஆகிவிட்டால் அந்தக் கணக்கு வாராக்கடன். கடைத்தெருவில் "என்.பி.ஏ. ஆயிடுச்சு" என்பார்கள். பெயரைப் பார்த்து, வங்கி தலைமுழுகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கடனுக்கு வட்டி கையில் வந்தால் ஒழிய அதை வருமானமாகக் காட்டக் கூடாது என்பதுதான் வங்கிக்குள் அதன் பொருள். வசூல் வேலை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்.

90-க்கு முன்னால் மூன்று படிகள் உண்டு. முதல் 30 நாள் எஸ்.எம்.ஏ. பூஜ்யம், 31 முதல் 60 வரை எஸ்.எம்.ஏ. ஒன்று, அதற்கு மேல் 90 வரை எஸ்.எம்.ஏ. இரண்டு. 'கண் வைத்திருக்க வேண்டிய கணக்கு' என்பதற்கான குறியீடு இது. சி.சி., ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்குகளுக்கு முதல் படி கிடையாது, நேராக இரண்டாவதுதான். இதையெல்லாம் எண்ணுவது மேலாளர் இல்லை. தினமும் ராத்திரி வங்கியின் கணக்கு முடியும்போது கம்ப்யூட்டரே எண்ணிவிடுகிறது. "மேனேஜர் நம்மாளு, ரெண்டு நாள் பொறுத்துக்குவாரு" என்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது.

இப்போது ஒரு சின்ன உதாரணம். மெஷின் வாங்கிய கடனுக்கு மாதம் 10-ம் தேதி 60,000 ரூபாய் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் கட்டவில்லை. ஜனவரி 10-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 10-ம் தேதி 90. ஏப்ரல் 8-ம் தேதி எப்படியோ 60,000 புரட்டிக் கட்டினால், அது ஜனவரித் தவணையில் போய் விழும். மிச்சம் இருப்பதில் பழையது பிப்ரவரி 10. ஆக கணக்கு 57 நாளுக்கு இறங்கிவிடும். மூச்சு விட ஒரு மாதம் கிடைத்தது.

அதே ஆள் ஏப்ரல் 12-ம் தேதி போகிறார் என்று வையுங்கள். இப்போது ஒரு தவணை கட்டிப் பிரயோஜனம் இல்லை. வாராக்கடன் ஆன கணக்கு மறுபடி நல்ல கணக்காக வேண்டுமென்றால் நிலுவை முழுவதையும், அதாவது ஏப்ரல் தவணையும் சேர்த்து 2,40,000 ரூபாயையும் கட்டியாக வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிட்டது. நான்கு நாள் தள்ளிப் போனதற்கு விலை நான்கு மடங்கு.

இன்னொன்று. வாராக்கடன் என்பது ஆளைப் பொறுத்தது, தனித்தனிக் கடனைப் பொறுத்தது இல்லை. ஒரே வங்கியில் மெஷின் கடன் கெட்டால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சி.சி.யும் சேர்ந்து கெட்டதாகத்தான் கணக்கு.

சி.சி.யின் சூட்சுமம்

தவணைக் கடன் எல்லாருக்கும் புரியும். சி.சி.தான் பலரைக் கவிழ்க்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

நம்ம அண்ணனுக்கு 40 லட்சம் லிமிட். லிமிட் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. இந்த மாதம் அதில் எவ்வளவு மொண்டுகொள்ளலாம் என்பது வேறு, அதற்குத்தான் டி.பி. (டிராயிங் பவர்) என்று பெயர். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டை வைத்து வங்கி அதைப் போடும். இருக்கிற சரக்கு, வரவேண்டிய பாக்கி இரண்டையும் கூட்டு, நாம் தரவேண்டிய பாக்கியைக் கழி, வருவதில் கால் பங்கை வங்கி தன் பாதுகாப்புக்கு ஒதுக்கிவிடும், மிச்சம் டி.பி. அவர் வங்கியின் நிபந்தனை அப்படி. மற்ற வங்கிகளில் அந்தக் கால் பங்கு கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

சரக்கு 22 லட்சம், வரவேண்டியது 38 லட்சம், தரவேண்டியது 10 லட்சம். நிகரம் 50 லட்சம். கால் பங்கு போக 37.5 லட்சம் டி.பி. அவர் எடுத்திருந்தது 37 லட்சம். சரியாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு பெரிய பார்ட்டி 12 லட்ச ரூபாய் பில்லை இழுத்தடித்தது. பில் போட்டு 90 நாள் தாண்டிய பாக்கியை வங்கி டி.பி. கணக்கில் சேர்க்காது. 12 லட்சம் கழன்றது. நிகரம் 38 லட்சம், டி.பி. 28.5 லட்சம். எடுத்திருப்பதோ அதே 37. ஒரே ராத்திரியில் 8.5 லட்சம் வரம்பு மீறல்! பட்டறையில் ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆர்டர் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த மீறல் தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன்.

சி.சி. கெட்டுப்போக வேறு வழிகளும் உண்டு. 90 நாள் கணக்கில் பணமே வரவு வைக்காமல் இருப்பது, வருகிற பணம் வங்கி எடுக்கும் வட்டிக்குக்கூடப் பற்றாமல் போவது, மூன்று மாதத்துக்கு மேல் பழசான ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டை வைத்தே ஓட்டுவது, வருடாந்திர ரெனியூவலை 180 நாளுக்கு மேல் தள்ளிப்போடுவது. கடைசி இரண்டும் வெறும் காகிதச் சோம்பேறித்தனம். நன்றாக ஓடும் பட்டறை ஆடிட்டரின் பேலன்ஸ் ஷீட் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வாராக்கடன் ஆனதைப் பார்த்திருக்கிறேன். எரிச்சலாக வரும்.

மேனேஜர் முகம் ஏன் மாறுகிறது

ஆறு மாதம் முன்பு டீ வாங்கிக் கொடுத்தவர் இன்று உட்காரச் சொல்வதில்லை என்று பலர் குறைப்படுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சிறு தொழிலுக்குக் கொடுத்த நல்ல கடனுக்கு எதிராக வங்கி தன் லாபத்திலிருந்து 0.25 சதவீதம் ஒதுக்கி வைத்தால் போதும். 40 லட்சத்துக்கு வெறும் 10,000 ரூபாய். வாராக்கடன் ஆன அன்றே அது 15 சதவீதமாகிறது, அதாவது 6 லட்சம். ஒரு வருடம் தாண்டினால் 'சந்தேகத்துக்குரிய கடன்' என்று இன்னும் கீழே போய், ஒதுக்கீடு ஏறிக்கொண்டே போகும். அந்தக் கேள்விக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மேலாளர்தான்.

இதைத் தெரிந்துகொள்வதில் நமக்கும் ஒரு லாபம் இருக்கிறது. 72-வது நாளில் நீங்கள் போய் நின்றால், அவருடைய பிரச்சினையையும் சேர்த்துத் தீர்க்க வந்த ஆளாகத் தெரிவீர்கள். 91-வது நாள் போனால் நீங்களே அவருக்குப் பிரச்சினை.

நோய் பணத்திலா, தொழிலிலா?

வங்கிக்குப் போகும் முன் நமக்கு நாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பணம் எங்கோ சிக்கியிருக்கிறதா, தேதி ஒத்துவரவில்லையா, அல்லது தொழிலே நஷ்டத்தில் ஓடுகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

தேதி ஒத்துவராததற்குக் காசிமேடு நல்ல உதாரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஐஸ் கம்பெனிக்கும் படகு எஞ்சின் பட்டறைக்கும் டீசல் கடைக்கும் அந்த இரண்டு மாதமும் தலைகீழ். ஆனால் கடன் கொடுக்கும்போது பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை என்று எழுதி, வாங்குபவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். தடைக்காலத்தில் சிறிய தவணை, மற்ற மாதங்களில் பெரிய தவணை என்று முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தால் வருடா வருடம் ஜூலையில் 90 நாள் பயம் இருக்காது.

தொழிலே நஷ்டம் என்றால் பேச்சு வேறு. அதற்கு மேலும் கடன் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது போல. வங்கி இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்குப் போடும். வருடத்துக்கு வட்டியும் தவணையுமாக ஒரு ரூபாய் கட்ட வேண்டியிருந்தால், தொழிலிலிருந்து கைக்கு எவ்வளவு ரூபாய் வருகிறது? ஒன்றேகால் ரூபாய், அதற்கு மேல் என்றால் பேசலாம் என்பார்கள். ஒரு ரூபாய்க்குக் கீழே போனால், எந்தத் தவணை மாற்றமும் நாளைக் கடத்தத்தான் உதவும்.

அண்ணனுடையது முதல் ரகம். பணம் பார்ட்டியிடம் சிக்கியிருந்தது. இதற்குச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. குறு, சிறு உற்பத்தியாளரிடமோ ஜாப் ஒர்க் செய்பவரிடமோ சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2006-ம் வருடத்துச் சட்டம் இது. பணம் வராவிட்டால் இதற்கான அரசு இணையதளத்தில் பதிந்து, இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து பார்ட்டி கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. நடுத்தர நிறுவனங்களுக்கும் இல்லை.

"கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் எவன் குடுப்பான்?" என்றார் அண்ணன். நியாயமான பயம். புத்தகத்தில் இருக்கும் உரிமைக்கும் பட்டறை வாசலில் நிற்கும் டெம்போவுக்கும் நடுவே இருக்கும் தூரம் அது. ஆகவே கேஸ் போடவில்லை. பார்ட்டியின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மரியாதையான கடிதம் எழுதினோம். அப்போது நடப்பில் இருந்த 1961-ம் வருடத்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற விதியின்படி, சிறு தொழில்களுக்கு உரிய நாளில் தராத பாக்கியை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது. வருடக் கணக்கு முடியும் மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. உங்கள் ஆடிட்டர் கேட்பாரே என்ற தொனியில் அதை நினைவுபடுத்தினோம், அவ்வளவுதான். பத்து நாளில் 5 லட்சம் வந்தது. அந்த பில் ஏற்கெனவே டி.பி.யிலிருந்து கழன்றுவிட்டதால், பணம் வந்ததற்காக டி.பி. இன்னும் குறையவில்லை. மீறல் 3.5 லட்சமாக இறங்கியது.

பழைய லேத் ஒன்று வருடக்கணக்காகப் பாதி நாள் சும்மாதான் நின்றது. அதை வங்கியிடம் எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, 2 லட்சத்துக்கு விற்றார். அனுமதி என்று சொல்வதைக் கவனியுங்கள். வங்கிக்கு ஈடாக இருக்கும் மெஷினைச் சொல்லாமல் விற்றால் அது வேறு விவகாரம், போலீஸ் வரை போகும். மிச்சம் ஒன்றரை லட்சத்துக்குப் பெரம்பூரில் போட்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்தார். 86-வது நாள் கணக்கு டி.பி.க்குள் வந்தது.

இந்த இடத்தில்தான் பலர் மீட்டர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். வருடத்துக்கு 11, 12 சதவீத வட்டியை அடைக்க மாதத்துக்கு 5, 10 என்று வாங்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது மாதிரி. அந்த மாதம் கணக்கு பச்சையாகத் தெரியும். நாலாவது மாதம் இரண்டு பேருமே வாசலில் நிற்பார்கள். பணம் வரும் தேதி உறுதியாகத் தெரிந்தால் நகையை வங்கியில் வைப்பது வேறு விஷயம்.

கேட்டால் கொடுக்க வேண்டியது

அண்ணனுக்குக் கைக்காசில் தீர்ந்தது. தீராவிட்டால்?

வடசென்னைப் பெரியவர்களிடம் 'நலிந்த தொழிற்சாலை' என்றால் பெரம்பூர் பின்னி மில்தான் நினைவுக்கு வரும். 1996-ல் அது மூடியது. அந்தக் காலத்தில் நலிந்த பெரிய கம்பெனிகளுக்கு 1985-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அதன் கீழ் போனால் கடன்காரர்கள் வருடக்கணக்கில் கிட்டே வர முடியாது. 2016-ல் அது ரத்தானது. லேத் பட்டறைகளுக்கு அந்தக் குடை எப்போதும் இருந்ததில்லை. சிறு தொழில்களுக்கென்று ஒரு ஏற்பாடு வந்தது 2015 மே மாதம். மத்திய அரசு அறிவித்தது, 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதை வங்கிகளுக்கு நடைமுறையாக்கியது. 25 கோடி வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்குப் பொருந்தும்.

அதன் சாரம் எளிது. கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே சிக்கலின் அறிகுறியை வங்கி கண்டுபிடிக்க வேண்டும். தொழில் செய்பவரும் தானாகவே போய் "எனக்குச் சிக்கல் வரப்போகிறது" என்று விண்ணப்பிக்கலாம். 10 லட்சம் வரை கிளை மேலாளரே பார்ப்பார். அதற்கு மேல் ஒரு குழு. வங்கியின் வட்டார அதிகாரி தலைவர், சிறு தொழில் கடன் அதிகாரி ஒருவர், வெளியிலிருந்து விவரம் தெரிந்த ஒருவர், மாநில அரசின் சார்பில் ஒருவர். முதல் கூட்டத்திலிருந்து 30 நாளுக்குள் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். சரிசெய்வதா, மறுசீரமைப்பதா, இரண்டுக்கும் வழியில்லை என்றால் வசூலா.

சரிசெய்வது என்றால் அண்ணன் செய்தது போல: இன்ன தேதிக்குள் இப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒத்துக்கொள்வது. தேவைப்பட்டால் வங்கி கொஞ்சம் கூடுதல் பணமும் கொடுக்கலாம். கடனின் அடிப்படை நிபந்தனைகள் மாறாது.

மறுசீரமைப்பில் நிபந்தனைகளே மாறும். அண்ணனுடைய 8.5 லட்சம் மீறலை வைத்தே பார்ப்போம். சி.சி.யிலிருந்து அந்த 8.5 லட்சத்தைத் தனியாக வெட்டி எடுத்து, மூன்று வருடத் தவணைக் கடனாக மாற்றுவார்கள். சி.சி. 28.5-க்குள் மறுபடி சுத்தமாக ஓடும். கட்டாமல் சேர்ந்த வட்டி இருந்தால் அதையும் இன்னொரு தவணைக் கடனாக்கலாம். மெஷின் கடனுக்கு ஆறு மாதம் தவணை விடுமுறை தந்து, கடைசியில் மாதங்களை நீட்டலாம். வட்டி விகிதத்தைக் குறைப்பதும் உண்டு, ஆனால் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் வங்கிகள் தயங்குகின்றன? பொதுவான விதிப்படி, சிக்கலில் இருக்கும் நல்ல கணக்கை மறுசீரமைத்தால் அதுவே வாராக்கடன் வரிசைக்கு இறங்கிவிடும். புதிய தவணைகளை ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகுதான் மேலே ஏறும். 2019-லிருந்து கோவிட் காலம் வரை சிறு தொழில்களுக்கு இதில் விலக்கு கொடுத்திருந்தார்கள். அந்த ஜன்னல் மூடிவிட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் "எனக்கு அப்பவே பண்ணிக் குடுத்தாங்களே" என்று சொன்னால் அது அந்தக் காலம். புயல், வெள்ளத்துக்கு மட்டும் தனி விதி. அரசு பேரிடராக அறிவித்து, மாநில அளவிலான வங்கியாளர் குழு முடிவெடுத்தால், மாற்றி எழுதிய கடன் நல்ல கடனாகவே நிற்கலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மோட்டார் முழுக்க நனைந்துபோன பட்டறைகளுக்கு இந்தப் பேச்சின் அருமை தெரியும்.

ஆகவே என் கருத்து: முடிந்தவரை சரிசெய்யும் கட்டத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். முடியாது என்று தெரிந்தால் கூச்சப்படாமல் மறுசீரமைப்பு கேளுங்கள், ஆனால் ஒருமுறைதான் கேட்க முடியும் என்ற நினைப்போடு, போதுமான அவகாசத்தை முதலிலேயே கேளுங்கள். இறுக்கமான தவணைக்குத் தலையாட்டிவிட்டு ஐந்தாவது மாதம் தவறினால் இரண்டாவது முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

2015-ல் வந்த இந்த ஏற்பாடு வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்ட் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: தான் சிறு தொழில்தான் என்பதற்கான சான்றுகளைக் கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே வங்கியிடம் காட்ட வேண்டியது கடன் வாங்கியவரின் பொறுப்பு. எல்லாம் முடிந்து வீடு ஏலத்துக்கு வந்த பிறகு இதை நீட்ட முடியாது. சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம். சான்றின் நகலைக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். எங்கள் பக்கம் பாதிப் பேர் சான்றை வாங்கி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வங்கிக்குக் கொடுத்தவர்கள் குறைவு.

கோட்டைத் தாண்டிவிட்டால்

வாராக்கடன் ஆன பிறகு வங்கி சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வரும். 2002-ல் வந்த சட்டம். கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிறது. முதலில் 60 நாள் நோட்டீஸ். பலர் இதை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது தப்பு. இதற்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். தொகை தவறு, கட்டிய பணம் வரவாகவில்லை என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். அபராதத்துக்கு மேல் வட்டி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். 2024-லிருந்து அபராதத்தை வட்டியோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது.

60 நாள் கழிந்தால் சுவாதீன நோட்டீஸ். சுவரில் ஒட்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள். தெருவே பார்க்கும். அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு வரைதான் முழுத் தொகையைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை. முன்பெல்லாம் ஏலத்தன்று காலையில்கூடப் பணத்தோடு ஓடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி அதை அடைத்துவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஓ.டி.எஸ். பேச்சு வரும். மொத்தமாக ஒரு தொகை கட்டி முடித்துக்கொள்வது. வங்கி கட்டாயம் ஒத்துக்கொண்டாக வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது, இதையும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி பார்ப்பது ஒன்றைத்தான்: இன்றைக்கு உங்களிடம் வாங்குவது, வழக்கு நடத்தி ஏலம் போட்டு வருவதைவிட மேலா? விலைபோகும் வீடு ஈடாக இருந்தால் தள்ளுபடி சொற்பம். முடித்த பிறகு அந்த வங்கியில் புதுக் கடன் குறைந்தது 12 மாதம் கிடையாது. சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். 'முழுதும் கட்டி முடித்தது' என்பதும் இதுவும் ஒன்றில்லை, அடுத்த வங்கிக்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார். கடன் மூடிவிட்டது என்ற கடிதத்தையும் பத்திரத்தையும் கையில் வாங்காமல் ஓ.டி.எஸ். முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. என்று வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு கதவு இருக்கிறது. 2021 ஏப்ரலில் திவால் சட்டத்தில் சிறு தொழில்களுக்காக 'ப்ரீ-பேக்' என்ற முறையைச் சேர்த்தார்கள். கம்பெனி நம் கையிலேயே இருக்க, நாமே ஒரு மீட்புத் திட்டம் எழுதி, கடன் கொடுத்தவர்களில் மதிப்பில் பெரும்பான்மையினரின் சம்மதத்தோடு தொடங்குவது. அதற்கான தீர்ப்பாயம் ரிசர்வ் வங்கி இருக்கும் அதே ராஜாஜி சாலையில்தான். ஆனால் வக்கீல், தொழில்முறை ஆள் செலவெல்லாம் பார்த்தால், ஒன்றிரண்டு மெஷின் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது கட்டுப்படியாகாது. வடசென்னைப் பட்டறைகளில் பெரும்பாலானவை சொந்தப் பெயரில் நடப்பவை. அவர்களுக்கு இந்தக் கதவே இல்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். மீதி 7 லட்சத்தில் 4 லட்சம் ஜூனில் வந்தது. 3 லட்சத்துக்கு இன்னும் 'குவாலிட்டி செக்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதே பார்ட்டிக்கு இப்போதும் வேலை செய்கிறார், ஆனால் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மாதம் 7-ம் தேதி என் மேசைக்கு வந்துவிடுகிறது. வங்கி உறைகளை இப்போது அவர் மகள் பிரிக்கிறாள், கல்லூரி விட்டு வந்ததும். விற்ற லேத் நின்ற இடத்தில் பசங்கள் வண்டி நிறுத்துகிறார்கள்.